கொதிக்காமல் வெள்ளவத்தை வரை

முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் எங்கள் கார் மூன்றாவது தடவையாகக் கொதித்தது. ரேடியேற்றர் மூடியின் விளிம்பால் ஆவி சீறிக்கொண்டு வந்தது. அம்மா பின் இருக்கையிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, சேலைக் கரையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி மிச்சத் தூரத்தை நடந்தே போய்விட்டார். நான் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை தெருவோரத்தில் நின்றேன்.

அம்மா மருத்துவிச்சி. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் பல வீடுகளில் தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே அவர் கையில் பிறந்தவர்கள். அன்று அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கொடி அறுக்காத பிள்ளையை ஏந்தியபடி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாளாம். தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. ஆனால் அந்த வீட்டு மாமியார் சொன்னதை அம்மா வீடு திரும்பிக் கை கழுவும்போதுதான் என்னிடம் சொன்னார்.

"காரிலை வந்தும் பிந்தினது நீங்கள்தான் மிஸி, றிக்ஷாவிலை வந்திருந்தால் வெள்ளனவே வந்திருப்பியள் எண்டு கேட்டவ. நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

நான் துவாயை எடுத்து நீட்டினேன்.

அப்பா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. போருக்கு முன்பு, கப்பல் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய கார் அது. அவர் போனபிறகு அதை ஓட்டியது நான். போர்க்காலத்தில் பெண்களை அம்புலன்ஸ் ஓட்டுவதற்குச் சேர்த்தபோது நானும் சேர்ந்தேன். ஓட்டுவதற்கு மூன்று கிழமை, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதற்கு மூன்று கிழமை. ஸ்பனரை எடுப்பதற்கு முன்பு பென்சிலை எடுக்க வேண்டும் என்பது அங்கே முதல் விதி. மற்றவர்கள் அதை அலுப்பென்று நினைத்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலேயே புத்தகப் பைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எழுதி வைத்தவள். எனக்கு அந்த விதி வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. போர் முடிந்ததும் ஆளுக்கொரு சான்றிதழைக் கையில் தந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். கண்ணாடிக் குவளை கழுவுவது, கரைசல் கலப்பது, தராசுப் படிகளை எண்ணிப் பூட்டுவது என் வேலை.

முகத்துவாரத்துக் கதை இரண்டு நாளில் வெள்ளவத்தைக்குப் போய்விட்டது. அங்கே அக்காவும் அத்தானும் இருந்தார்கள். அத்தான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தலைமை எழுதுவினைஞர். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, கந்தோரில் கடிதம் சொல்லி எழுதுவிக்கிற குரலில் தொடங்கினார்.

"மாமி, ஆம்பிளை இல்லாத வீட்டிலை கார் நிண்டால் இப்பிடித்தான் வரும். கொண்டுபோய் என்ர வீட்டிலை விடுவம். உங்களுக்குத் தேவையெண்டால் ஆளனுப்புங்கோ. நான் கொண்டு வாறன்."

"இஞ்சையிருந்து ஆள் வெள்ளவத்தைக்கு வந்து, நீங்கள் கந்தோராலை வந்து, தேத்தண்ணி குடிச்சு, வெளிக்கிட்டு வரேக்க பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும் அத்தான்" என்றேன்.

"உன்னோடை ஆர் பிள்ளை கதைச்சது?"

"ஓட்டுறது நான். அதாலை கதைக்கிறன்."

"ஓட்டுறதாலைதான் கொதிக்குது. கியர் மாத்தத் தெரியாமல் ஓட்டினால் எந்தக் காரும் கொதிக்கும்."

அத்தானுக்கு ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இருந்தது. அதைப் பெற்ற நாளுக்குப்பிறகு அவர் ஓட்டியதை நான் பார்த்தது நான்கு தடவை. ஐந்தாவது தடவை தெஹிவளையில் ஒரு மதிலோடு நின்றது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

அத்தானின் பேச்சை விட அம்மாவின் மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. காரில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. போன நம்பிக்கையைத் திரும்பக் கொடு என்று யாரிடம் கேட்பது? கடைசியில் அவர் சொன்னார்:

"இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கடை வீட்டிலை தானே சாப்பாடு. காரிலை வாறம். வழியிலை கொதிச்சால் அங்கை வைச்சே காரின்ர திறப்பைத் தாறன் தம்பி. கொதிக்காட்டில் பேச்சில்லை."

அத்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். தீர்ப்பு ஏற்கெனவே தன் பக்கம் என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

நான் கொப்பியை எடுத்தேன். இதுவரை செய்தவை ஒரு பக்கம்: ரேடியேற்றர் இரண்டு தரம் கழுவியது, விசிறிப் பட்டி புதியது, ரப்பர்க் குழாய் நல்ல நிலையில், எண்ணெய் அளவு சரி. மறுபக்கம் நான் கண்டவை. அதில் ஒன்றே ஒன்றுதான் எழுத இருந்தது. தெருவில் கார் கொதித்து நின்ற மூன்று தடவையும் ரேடியேற்றரின் அடிப்பாகத்தில் கை வைத்துப் பார்த்திருந்தேன். எஞ்சின் கொதிக்கிறது, அடிப்பாகம் குளிர்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் சூடான தண்ணீர் ரேடியேற்றருக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியில் எங்கோ கதவு பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கதவுக்குப் பெயர் தெர்மோஸ்டாட். எஞ்சினின் மேற்பக்கத்தில், தண்ணீர் வெளியேறும் வாயில் இருக்கும் சின்னப் பித்தளைச் சாமான். தண்ணீர் போதிய அளவு சூடானதும் தானே திறந்து ரேடியேற்றருக்கு விடும். ஆறினால் தானே மூடிக்கொள்ளும்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கிராண்ட்பாஸில் இருந்த கராஜுக்குப் போனேன். ரேடியேற்றரை இரண்டு தரமும் கழுவித் தந்தவர் அந்தக் கராஜ்காரர். எல்லோரும் அவரைப் பாஸ் என்றே கூப்பிடுவார்கள். சிங்களவர். தமிழும் சிங்களமும் கலந்து, இரண்டையும் ஒரே மாதிரி அவசரமாகப் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"மே ரட்டட ஓக ஓனே நெஹெ, மிஸி. இது குளிர் நாட்டுக்குச் சாமான். வெள்ளைக்காரன் குளிருக்குப் போட்டது. இங்க என்னத்துக்கு? கழட்டி வீசுற. எல்லாக் காருக்கும் நான் அப்படித்தான் செய்யிற."

இந்த நாட்டுக்கு அது தேவையில்லை என்று கொழும்பில் அவர் மட்டுமா சொன்னார்? அந்தக் காலத்தில் கொழும்பில் பாதிக் கார்கள் அந்தச் சாமான் இல்லாமல்தான் ஓடின. வெயில் நாட்டில் சூட்டைக் காப்பதற்கு ஒரு கதவு எதற்கு என்ற கேள்வி கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அதனாலேயே யாரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

"சில காருக்கு அது சரி, பாஸ்" என்றேன். "எங்கட எஞ்சினிலை பக்கத்தாலை ஒரு சின்ன வழி இருக்கு. தெர்மோஸ்டாட் திறக்கேக்க அந்த வழியை அதுதான் மூடுறது. அதைக் கழட்டி எறிஞ்சால் தண்ணி ரேடியேற்றருக்குப் போகாமல் அந்தக் குறுக்கு வழியாலேயே சுத்தும். பிறகு இன்னும் கெதியாக் கொதிக்கும். நான் அம்புலன்ஸிலை கண்டிருக்கிறன்."

பாஸ் என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்தார். "மிஸி அவ்வளவு தெரிஞ்சா மிஸியே செய்ங்க. எனக்குத் திங்கக்கிழமைக்கு முந்தி ஏலாது."

"சரி" என்றேன்.

கோபத்தில் சொன்னதல்ல அது. ஆனால் ட்ராமில் வீட்டுக்கு வரும்போது என் காது சூடாக இருந்தது.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அதன் முன்னால் காரை இழுத்து வைத்து, அடியில் ஒரு வாளியை வைத்துத் தண்ணீரைத் திறந்து விட்டேன். வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. துருவென்று நினைத்தேன். வாளி நிரம்பியதும் வாய்க்காலில் ஊற்றினேன். ஒழுங்கை நெடுக மஞ்சள் ஓடியது.

பக்கத்து வீட்டில், துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு அண்ணை இருந்தார். மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன பிள்ளை, மஞ்சள் தண்ணி ஓடுது, காருக்குச் சாமத்தியச் சடங்கோ? சொல்லியிருந்தால் நாங்களும் ஒரு தட்டுக் கொண்டு வந்திருப்பமே."

"தட்டு வேண்டாம் அண்ணை. கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தால் தாங்கோ."

"பெத்தவள் எங்கை?"

"குசினியிலை. பெத்தவளுக்குக் கோபம்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு போத்தலில் அரைவாசி மண்ணெண்ணெய் கொண்டுவந்து மதிலில் வைத்தார். பிறகு போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவியும் வந்து நின்றதை உணர்ந்தேன். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டை இரண்டு திருகாணிகள் பிடித்திருந்தன. ஒன்று சுலபமாகக் கழன்றது. மற்றது துருவேறி அசையவில்லை. இப்படியான ஆணியைப் பலத்தால் திருப்பினால் தலை முறிந்து கையோடு வரும். முறிந்தால் சனிக்கிழமை முடிந்தது, ஞாயிறும் முடிந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். சுத்தியலால் மெல்லத் தட்டினேன். திரும்பவும் விட்டேன்.

"நான் வந்து ஒரு இழுவை இழுக்கட்டோ?" என்றார் அண்ணை.

"வேண்டாம். இழுக்கத் தெரிஞ்ச ஆக்கள் இந்த ஊரிலை நிறைய இருக்கினம். பொறுக்கத் தெரிஞ்ச ஆள்தான் இல்லை."

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஆணி முனகிக்கொண்டு திரும்பியது. கூட்டைத் தூக்கினேன். உள்ளே இருந்த சாமானைப் பார்த்தபோது அது பித்தளை என்றே தெரியவில்லை. தடித்த மஞ்சள் களி அதைச் சுற்றி வண்டல்போலக் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மூக்கருகே கொண்டுபோனேன். துரு மணக்காது. இது மணத்தது.

குசினிக்குப் போனேன். பள்ளிக்கூட விஞ்ஞான அறையிலிருந்து ஒரு வெப்பமானியை, இரவல் புத்தகத்தில் எழுதி ஒப்பம் வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்தேன். அம்மாவின் கத்தரிக்கோலும் இடுக்கியும் அவிக்கிற வெள்ளைச் சட்டி அடுப்பருகே இருந்தது. அதில் கை வைக்கப் போனேன்.

"அதைத் தொட்டால் கையை முறிப்பன்" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "கோழி காய்ச்சுற சட்டியை எடு."

கோழிச் சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். வெப்பமானியையும் அடியில் முட்டாமல் பிடித்துக்கொண்டேன். நூற்றறுபது பாகை பரனைற்றுக்குக் கொஞ்சம் மேலே போனதும் அது திறக்க வேண்டும். நூற்றறுபது. நூற்றெண்பது. இருநூறு. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அது அசையவில்லை. அம்மா அடுப்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறாய்?"

"நேரம் வந்ததும் இது திறக்க வேணும். திறந்தால்தான் தண்ணி வெளியிலை போகும். திறக்கேல்லை."

அம்மா குனிந்து கிட்டப் பார்த்தார். முகத்துவாரத்துக்குப் பிறகு காரைப் பற்றி அவர் காட்டிய முதல் அக்கறை அதுதான்.

"அப்ப பிள்ளை நோ இருக்கு, வாய் திறக்கேல்லை" என்றார்.

"ஓம். அதேதான்."

"இதை விட்டிட்டு அந்த மனிசன் ரெண்டு தரம் ரேடியேற்றரைக் கழுவினவரோ? வயித்துக்குள்ளை பிள்ளை நிக்க முதுகைத் தடவின மாதிரி." அவர் அகப்பையால் அதைத் தூக்கி ஆறவிட்டு, கையில் எடுத்துத் திருப்பினார். மஞ்சளை விரலில் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மஞ்சள்" என்றார்.

"கடுகும் இருக்கு" என்றேன்.

இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்தது. வருடப் பிறப்பன்று வெள்ளவத்தையில் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடும்போது ரேடியேற்றரில் ஒரு சின்ன ஒழுக்கு இருந்தது. கந்தோரில் யாரோ சொன்ன வைத்தியம் என்று அத்தான் அக்காவின் குசினியிலிருந்து மஞ்சள் தூளையும் கடுகுத் தூளையும் கொண்டுவந்து, நான் கை கழுவப் போன நேரத்தில் ரேடியேற்றருக்குள் கொட்டிவிட்டார். ஒரு கரண்டி போட்டிருந்தால் பாதகமில்லை. அவர் பேணியோடு கவிழ்த்திருந்தார். ஒழுக்கு நின்றதென்னவோ உண்மை. அந்தக் கதையை அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு சாப்பாட்டிலும் சொன்னார். அந்த மாதம் கார் கொதிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கொதிக்கத் தொடங்கியது.

"அத்தானுக்கு இதைச் சொல்லாதை" என்றார் அம்மா.

"ஏன்?"

"அக்கா அந்த வீட்டிலை இருக்கிறவள். நீ சொல்லிப்போட்டு வந்திடுவாய். பிறகு முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிற மனிசனோடை இருக்கிறது அவள். சொல்லாதை."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக் களியை வினாகிரியால் நனைத்துச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே, சூட்டில் விரிந்து கதவைத் திறக்கிற பித்தளைத் துருத்தியில் ஊசித் துளை விழுந்திருந்தது. அதற்கு இனி உயிர் வராது. புதியது வேண்டும்.

போர் முடிந்தும் அப்போது கப்பலில் கார்ச் சாமான் ஒழுங்காக வருவதில்லை. பெரிய கடையில் கேட்டால் ஆறு மாதம் என்பார்கள். பழையதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன் விட்டத்தை ஒரு அட்டையில் வரைந்து வெட்டி, வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு, பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே பட்டாளம் ஏலம் போட்ட சாமான்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை இருந்தது. அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவார்கள்.

"வாங்க மகள். டிரைவர் வரல்லயா?"

"நான்தான் டிரைவர் நானா."

"அப்ப மெகானிக்?"

"அவரும் வந்திருக்கிறார். உங்களோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறார்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒரு மரப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார். அட்டையை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். விட்டம் சரி, ஆனால் குறுக்கு வழியை மூடுகிற வளையம் இல்லை. வளையம் இருக்கிறது, விட்டம் பெரிது. இரண்டும் சரியாக மூன்று கிடைத்தன.

"மூணும் நல்ல சாமான். பட்டாளத்துச் சாமான். கேரண்டி ஈக்கி."

"கேரண்டி வேண்டாம். கொதிதண்ணி இருக்கோ?"

கடையின் பின்னால் தேநீர்க் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வேடிக்கை பார்க்க விரும்பினார். கேத்தலையும் ஒரு பேணியில் பச்சைத் தண்ணீரையும் தந்தார். நான் மூன்றையும் ஒவ்வொன்றாக நூலில் கட்டிப் பேணிக்குள் இறக்கி, வெப்பமானியைப் பிடித்தபடி கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"தேத்தண்ணிக்கு இஞ்சி போடுவாங்க, ஏலம் போடுவாங்க" என்றார் கடைக்காரர் அவர்களிடம். "இந்த மகள் பித்தள போடுறா."

முதலாவது திறக்கவேயில்லை. இரண்டாவது திறந்து, குளிர்ந்த தண்ணீர் விட்டபோது மூடாமல் வாயைப் பிளந்தபடி நின்றது. மூன்றாவது நூற்றெழுபதுக்குக் கொஞ்சம் முன்னால் மெல்லத் திறந்தது. குளிர் தண்ணீர் விட்டதும் மெல்ல மூடியது. திரும்பச் சூடாக்கினேன். திரும்பத் திறந்தது.

"இது" என்றேன்.

"அப்ப மத்த ரெண்டும்?"

"அதுகளுக்குக் கேரண்டி இருக்கெண்டு சொன்னீங்கள் நானா."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மற்ற இரண்டையும் பெட்டிக்குள் போடாமல் மூலையில் எறிந்தார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

பின்னேரம் பூட்டத் தொடங்கினேன். ரேடியேற்றரையும் எஞ்சினையும் மஞ்சள் முற்றாகப் போகும்வரை கழுவினேன். பதினொரு வாளி. கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைப்பதற்குச் சவர்க்காரப் பெட்டி அட்டையை வெட்டிக் கிறீஸ் பூசினேன். அவசரத்தில் ஒரு ஆணியை முற்றாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனேன். அட்டை ஒரு பக்கம் நசுங்கி, தண்ணீர் விட்டதும் கசிந்தது. படித்ததை மறந்து செய்த பிழை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. திரும்பக் கழற்றி, புதிய அட்டை வெட்டி, இரண்டு ஆணிகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கசிவு நின்றது. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேற்றரின் அடியில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் குளிர். பிறகு இளஞ்சூடு. பிறகு கையை எடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளிக்கிட்டோம். அம்மா முன் இருக்கையில் அமர்ந்தார். பொதுவாக அவர் தெருவைப் பார்ப்பார். அன்று சூடு காட்டும் முள்ளை மட்டும் பார்த்தார். காலிமுகத்திடல் வரை அது ஏறிக்கொண்டே இருந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியது.

"ஏறுது" என்றார்.

"இது முந்தினதை விடக் கொஞ்சம் பிந்தித்தான் திறக்கும் அம்மா."

"எவ்வளவு பிந்தி?"

"கொஞ்சம்."

கொள்ளுப்பிட்டியில் இரண்டு மாட்டு வண்டிகளுக்கும் ஒரு பஸ்ஸுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டோம். காற்று இல்லை. முள் இன்னும் ஒரு கோடு ஏறியது. அம்மா பையிலிருந்து செபமாலையை எடுத்தார், ஆனால் செபிக்கவில்லை. விரலில் சுற்றிக்கொண்டு முள்ளையே பார்த்தார். பிறகு முள் நின்றது. ஒரு நடுக்கம். மெல்லக் கீழே வந்தது.

"திறந்திட்டுது" என்றார் அம்மா. எத்தனையோ வீடுகளில் அதே குரலில் அவர் அதைச் சொல்வதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில் அத்தான் படலையடியில் காத்து நின்றார். காரை நிறுத்தியதும் பொனற்றில் கையை வைத்தார். மூடியைப் பார்த்தார். ஆவியில்லை. திரும்பி உள்ளே போனார். சோறு போட்டு, அக்கா மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு வார்த்தை வந்தது.

"பார்த்தியளே மாமி. வருசப் பிறப்பண்டு நான் அந்த ஒழுக்கை அடைச்சிராட்டில் இண்டைக்கு நீங்கள் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியிருக்க மாட்டியள்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. கைப்பைக்குள் பத்திரிகைத் தாளில் சுற்றியபடி இருந்த பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தை மட்டும்தான் சுரண்டியிருந்தேன். மறுபக்கம் அப்படியே இருந்தது. அதை அத்தானின் சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகில் வைத்தேன்.

"என்ன உது?"

"எங்கட காரைக் கொதிக்க வைச்ச சாமான். மேலை கிடக்கிறது நீங்கள் கொட்டின மஞ்சள். கடுகும் கிடக்கு. மணந்து பாருங்கோ அத்தான்."

அக்கா குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அது என்ர மஞ்சள்" என்றாள். "இடிச்சு அரிக்க ஒரு நாள் போனது. பேணி எங்கையெண்டு நான் ரெண்டு கிழமை தேடினனான். வேலைக்காரியைக்கூடக் கேட்டனான்." பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அத்தானின் காது மடல்கள் சிவந்தன. அதற்காகத் தோற்றுப்போகிற ஆளல்ல அவர்.

"மஞ்சளை விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை றோட்டு வெறும் றோட்டு. அதுவல்ல கதை. ஒரு குமர்ப்பிள்ளை ஒழுங்கையிலை காருக்குக் கீழை கிடக்கிறதை ஊரே பார்த்திருக்கு. நாளைக்கு இவளுக்கு ஒரு இடம் பேசப் போறது நான்தானே. என்னத்தைச் சொல்லிப் பேசுறது?" கையை நீட்டினார். "திறப்பைத் தாங்கோ மாமி."

"எஞ்சின் திருத்துவாள் எண்டு சொல்லிப் பேசுங்கோ" என்றேன். "அதைக் கேட்டிட்டு எழும்பிப் போறவர் போகட்டும்."

அம்மா மீன் முள்ளை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். "நான் என்ன சொன்னனான் தம்பி? கொதிச்சால் தாறன் எண்டு. கொதிச்சதோ?"

"இல்லை. ஆனால் மாமி..."

"சோறு ஆறுது. சாப்பிடுங்கோ."

அவ்வளவுதான். நீட்டிய கை கொஞ்ச நேரம் மேசைக்கு மேலே நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

திரும்பி வரும்போது நான் பாட்டுப் பாடாத குறை. பம்பலப்பிட்டி தாண்டியதும் அம்மா தொடங்கினார்.

"சொல்லாதை எண்டனான்."

"அவர் தான் திருத்தினதெண்டு சொன்னவர். கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுறீங்களோ? அக்காவும் சிரிச்சவள்தானே."

"இப்ப சிரிச்சவள். ரெண்டு நாளைக்கு அந்த மனிசன் அவளோடை கதைக்க மாட்டார். நீ பக்கத்திலை இருந்து பார்க்கப் போறியோ?"

"அம்மா, நான் திருத்தாட்டில் இண்டைக்குக் கார் அங்கை நிண்டிருக்கும்."

"நீ திருத்தினது நல்ல வேலை. நான் கண்டனான். அதுக்காகக் கார் உன்ரயாகுமோ? திருத்தினவைக்கெல்லாம் கார் எண்டால் அது எப்பவோ கிராண்ட்பாஸுக்குப் போயிருக்கும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கொட்டகையில் காரை விட்டதும் அம்மா கையை நீட்டினார். சற்று முன்பு வெள்ளவத்தையில் நீண்ட கையைப் போலவே. அவரிடம் சாவியைக் கொடுத்தேன். அதைத் தன் மருத்துவிச்சிப் பைக்குள், அவித்துச் சுற்றிய கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் போட்டார்.

திங்கட்கிழமை காலை சாவியைக் கேட்டேன்.

"எங்கை?"

"பள்ளிக்கூடத்துக்கு. ஒரு நாளைக்கு மட்டும்."

"ட்ராம் ஓடேல்லையோ?"

"ஓடுது."

"பெற்றோல் கூப்பன் பிள்ளைப்பேறுக்கு. பின்னேரம் நாலு மணிக்கு முகத்துவாரத்திலை ஒரு வீட்டுக்குப் போக வேணும். நேரத்துக்கு வந்து நில்."

வாதாடலாம். என் பக்கம் காரணங்கள் இருந்தன. அவற்றை வரிசையாகச் சொல்லவும் முடியும். ஆனால் அவர் பையைத் திறந்து பொருட்களைச் சரி பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த வேளையில் அவரோடு பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

அத்தானின் மேசையில் நான் செய்தது பிழையென்று அன்றும் நினைக்கவில்லை, இதை எழுதும்போதும் நினைக்கவில்லை. அத்தான் அக்காவோடு பேசாதிருந்த இரண்டு நாளுக்காக மட்டும் பிறகு அவளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் போனேன். அந்தத் திங்கட்கிழமை வெப்பமானியை ஈரம் துடைத்துப் பெட்டியில் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், இரவல் புத்தகத்தில் என் ஒப்பத்துக்கு நேரே திருப்பித் தந்ததாக எழுதினேன். மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளிக்கிட்டு, நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொட்டகை வாசலில் நின்றேன். அம்மா பையைப் பின் இருக்கையில் வைத்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

"எடு" என்றார். எடுத்தேன்.